ஆட்டுக்கறி தீர்ந்துபோச்சு

மே 4, ஞாயிறு. ஷகுவானஸ்

ரொட்டியும் கறியும் விற்கும் என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு ஜமைக்காக்காரன் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறான். எத்தனை தைரியம் பாருங்கள், டிரினிடாட்டில் வந்து, அதுவும் என் தெருவில். எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். போய்விட்டேன். ஆட்டுக்கறி ஒரு டப்பா.

மசாலாவை எண்ணெயில் வறுக்கவே இல்லை. பச்சையாகப் பிசறிக் கொதிக்கவிட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து சுமிந்திராவிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவ்வளவு மோசம்னா டப்பா ஏன் காலியா இருக்கு?" என்றாள். இவளைக் கட்டிக்கொண்டு இப்படியே காலம் போகிறது.

போனதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் என் மகள் ரியானா கட்டிக்கொள்ளப்போகும் பையன் ஒமாரி, ஜமைக்காக் குடும்பம். நல்ல பையன்தான். ஆனால் அவன் அம்மா இசில்டா அங்கே சாப்பாட்டுக் கடை நடத்துகிறாளாம். ஆட்டுக்கறிக்குப் பேர்போன கடையாம்.

மே 17

ரியானா பேசினாள். கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்து. ஆட்டுக்கறி இசில்டா செய்கிறாளாம்.

"நீங்க ஊர்க் கல்யாணம் எல்லாத்துக்கும் அடுப்படியிலயே நின்னாச்சு. என் கல்யாணத்துக்காவது அப்பாவா மட்டும் இருங்கப்பா."

எப்படி இருப்பது? இந்த ஊரில் யார் வீட்டு விருந்தானாலும் ஆடு என் கைக்குத்தான் வரும். சொந்தப் பொண்ணு விருந்துக்கு நான் கையைக் கட்டிக்கிட்டு, கழுத்துல டை கட்டிக்கிட்டு, வறுக்காத கறிய நல்லா இருக்குன்னு சொல்லணுமா? வயிறு எரியுது. கத்திவிட்டேன்.

அவள் என் மகள் அல்லவா, அசரவில்லை. "நீங்களும் ஒமாரி அம்மாவும் முட்டிக்கிட்டீங்கன்னா, விருந்தே வேணாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு எல்லாருக்கும் பீட்சா வாங்கிக் குடுத்துருவேன்."

பீட்சா. சொன்னால் செய்கிறவள்.

ஜூலை 15. லண்டன்

வந்து சேர்ந்தோம். சம்பந்தி வீட்டை முறைப்படி பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் இசில்டாவை விட நல்ல கறி போடும் கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். "ஊர் சுத்திப் பாக்கறேன்" என்று கிளம்பினேன்.

பிரிக்ஸ்டனில் ஒரு கடை. மங்கலான விளக்கு, பெரிய தட்டு, அதன் நடுவில் இரண்டு துண்டு ஆடு, மேலே ஒரு பூ. பூவை என்ன செய்வது என்று கேட்டேன். சாப்பிடலாம் என்றான் பரிமாறுகிறவன். எந்தத் தீவு தம்பி என்றேன். தீவுப் பக்கமே போனதில்லையாம்.

அங்கிருந்து டாட்டன்ஹாம். சந்தை ஓரத்தில் நம்மூர்க்காரன் ஒருவன் டபுள்ஸ் விற்கிறான், ரெண்டு ரொட்டிக்கு நடுவில் கடலைக்கறி. "காரம் எவ்வளவு மாமா?" என்றான் பாருங்கள், அங்கேயே பாதி வயிறு நிறைந்துவிட்டது. மழையில் நின்றபடி, கொண்டைக்கடலை முழங்கை வரை வழிய, மூன்று தின்றேன். இந்த ஊரில் ஆட்டுக்கறி எங்கே நன்றாக இருக்கும் என்று அவனிடம் கேட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "நம்மாளுங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாமா. லூயிஷம் போங்க. இசில்டா கடை."

போடா.

ஜூலை 16

போனேன். யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சாதாரண வாடிக்கையாளனாகப் போய், தின்று, குறை கண்டுபிடித்து வருவது என்று திட்டம்.

தெருவரை வரிசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இசில்டா, வலைத்தொப்பி, கடுகடுவென்று ஒரு முகம். சிரித்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது போல.

"ஆட்டுக்கறி" என்றேன்.

தலை நிமிர்ந்தாள். ஒரு கணம் பார்த்தாள். "தீர்ந்துபோச்சு."

அவளுக்குப் பின்னால் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

"கோழி?"

"தீர்ந்துபோச்சு."

"வெறும் சோறாவது?"

"வேகல. அடுத்த ஆள்."

எனக்குப் பின்னால் நின்றவனுக்கு ஆட்டுக்கறி, சோறு, வாழைப்பழ வறுவல் எல்லாம் கிடைத்தது. "உங்க மேல என்ன கோவம் அந்தம்மாவுக்கு?" என்று அவனே பாவப்பட்டான்.

ஜூலை 17

கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். முதல் ஆள் நான். தீர்ந்துபோச்சு.

ஜூலை 18

இன்று மாறுவேஷம். கறுப்புக் கண்ணாடி, ரியானா வீட்டில் மாட்டியிருந்த கம்பளித் தொப்பி. குரலைக்கூட மாற்றிக்கொண்டேன்.

"தீர்ந்துபோச்சு" என்றாள். "அப்புறம், அந்தத் தொப்பி எம்பையனோடது."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கல்லாப் பலகையைத் தூக்கினாள். "உள்ள வாங்க ரியானா அப்பா."

அடுப்படியில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"முதல் நாளே தெரியுமா?" என்றேன்.

"உங்க பொண்ணு போன் பூரா உங்க போட்டோதான். சம்பந்தி கிட்ட காசு வாங்கிட்டு சோறு போட்டேன்னு தெரிஞ்சா எங்க ஜனம் என் மூஞ்சில முழிக்குமா? இன்னிக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா வேஷம் கட்டிக்கிட்டு வர்றீங்க."

"நீங்க கேட்டிருக்கலாமே."

"என் கடை. நான் எதுக்குக் கேக்கணும்?"

தட்டு நிறைய வைத்தாள். சாப்பிட்டேன். மசாலா வறுக்கவில்லைதான். ஆனால் எலும்புக்குள் வரை காரமும் மணமும் இறங்கியிருந்தது. நன்றாக இருந்தது. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நன்றாக இருந்தது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

ஒரு குண்டானையும் கரண்டியையும் என் முன்னால் வைத்தாள். சட்டைக் கையை மடித்தேன். மசாலா எண்ணெயில் விழுந்ததும் கடை முழுக்கத் தும்மியது. கறி வெந்ததும் அவள் நின்றபடியே சாப்பிட்டாள், எலும்பைக்கூட விடவில்லை.

"காரம் பத்தல" என்றாள்.

சரியான சம்பந்திதான்.

ஜூலை 27, ஞாயிறு

விருந்து. இரண்டு குண்டான். இரண்டுக்கும் பெயர் எழுதவில்லை, எழுதினால் பீட்சா என்று ரியானா உத்தரவு.

ரியானா அடுப்படிக்கு வந்தாள். என் டை தோளில் கிடந்தது. "அப்பாவா மட்டும் இருங்கன்னு சொன்னேன்ல?"

"அப்பாவாத்தான் இருக்கேன்" என்றேன். கையில் கரண்டி.

சிரித்தாள். அப்புறம் அழுதாள். இரண்டு குண்டானிலிருந்தும் போட்டுக்கொடுத்தேன். அங்கேயே நின்று தின்றாள், எது நல்லது என்று சொல்லவில்லை. நானும் இசில்டாவும் கேட்கவும் இல்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 11. ஷகுவானஸ்

கடை திறந்தாயிற்று. மத்தியானம் வரிசையில் அந்த ஜமைக்காக்காரன் நின்றான், நாலு கடை தள்ளி இருப்பவன். முதல் தடவையாக வந்திருக்கிறான். கையில் காசை மடித்து வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் என் குண்டான் பக்கம் விட்டுக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா?

"ஆட்டுக்கறி" என்றான்.

"தீர்ந்துபோச்சு" என்றேன்.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. திரும்பிப் போகப் பார்த்தான். பின்னாலிருந்து சுமிந்திரா, "யாருங்க அது? குண்டான் நிறைய இருக்கே" என்றாள்.

"சம்பந்தி ஊர்க்காரன்" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கினேன். "உள்ள வாப்பா."