கிணற்றுக்குத் திரும்பிய மருந்து

அன்புள்ள அண்ணா,

நீங்கள் கண்மூடிப் பத்து மாதம் ஆகிறது. நல்ல சேதி ஏதாவது வந்தால் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். வந்தபாடில்லை. இது நான் செய்த காரியத்தின் சேதி.

போன செவ்வாய்க்கிழமை வாழைக்கு வண்டு மருந்தைச் சொட்டுநீரோடு விட்டேன். குழாய் டிரம்மிலிருந்து மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கரண்ட் நின்றுவிட்டது. குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பியது, மீதி மருந்தையும் இழுத்துக்கொண்டு. வந்து பார்த்தால் டிரம் காலி.

தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு தேய்ந்துவிட்டது என்று எத்தனை தடவை சொன்னீர்கள்? "கண்ணு, அத மாத்திப்போடு. கெணறு நம்ம ரெண்டு ஊட்டுக்கும் பொது" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். கருமத்தம்பட்டிக்கு வாரம் இரண்டு முறை போகிறவன், ஒரு வால்வு வாங்கி வரவில்லை.

அன்றைக்கே அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். கால் வரவில்லை. மறுநாள் காலை சொல்லப் போனபோது, முந்தின சாயங்காலம் எடுத்த தண்ணீரில் அவர் சமைத்துச் சாப்பிட்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார். அண்ணி என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

கிணற்றை முழுதாக இறைத்துவிடுகிறேன் என்றேன்.

"எறச்சு எங்கீங்க தம்பி உடுவீங்க? பள்ளத்துல உட்டா கீழ்க்காட்டுக்காரங்க கெணத்துக்குப் போயிருமுங்க. நம்ம காட்டுலயே உட்டா மறுபடி இதுக்குத்தான எறங்கும்?"

அண்ணிக்கு லாரித் தண்ணீர் சொல்லியிருக்கிறேன். மோட்டாரைப் போடவில்லை. வாழை வாடுகிறது, வாடட்டும். அலுத்துவிட்டது அண்ணா. இத்தனை வருடம் நாம் இரண்டு பேரும் அடித்த மருந்தெல்லாம் எங்கே போனதென்று நினைத்தோம்? மழையோடு மண்ணுக்குள் இறங்கி இதே தண்ணீருக்குத்தானே வந்திருக்கும்? இந்தத் தடவை கண்ணெதிரே நடந்தது, அவ்வளவுதான்.

கீழ்க்காட்டுத் தோட்டத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. ஊற்று இங்கிருந்துதான் அவர்கள் கிணற்றுக்குப் போகிறது. அவர்கள் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாலு நாளாக அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கிறேன்.

இன்று காலை அண்ணியே வந்து, "கெளம்புங்க தம்பி, நானும் கூட வாரேன்" என்று வாசலில் நிற்கிறார். போகிறேன் அண்ணா. கரண்ட் மேலும் பழி போட மாட்டேன், வால்வு மேலும் போட மாட்டேன். நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கூடப் பிறந்த தம்பி,
வேலுச்சாமி