காது மிஷின் வாங்கக் காது கேட்க வேண்டுமாம்

அனுப்புநர்
மு. தாஜ் முகம்மது,
மாவு மில் உரிமையாளர்,
பத்தமடை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
திருநெல்வேலி.

பொருள்: காது கேளாத எனக்குக் காது மிஷின் விற்கும் முன், நான் காதால் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தி, ஆர்டரை ரத்து செய்த ‘நொடிக்கடை’ இணைய நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் பத்தமடையில் நெடுங்காலமாக மாவு மில் நடத்தி வருகிறேன். மில்லின் இரைச்சல் என் இரண்டு காதுகளையும் சிறிது சிறிதாக அரைத்துவிட்டது. மிஷின் இல்லையென்றால், இடி விழுந்தாலும் ஏதோ நடந்திருக்கிறது என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அந்த மிஷினைக் கழற்ற மறந்து கடந்த மே மாதம் ஆற்றில் முங்கிவிட்டேன். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து அது செத்தது. அது என் தவறு. அதற்கு யார் மீதும் புகார் இல்லை.

2. அப்போது என் மகள் அஃப்ராவின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கும் வாசகத்தை நிக்காஹை நடத்தும் ஆலிம்சா சொல்லச் சொல்ல, வாப்பாவாகிய நான் சபையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டைக் கடையில், புது மிஷின் வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும் என்றார்கள். நொடிக்கடையோ மூன்றே நாளில் வீட்டு வாசலில் என்று விளம்பரம் செய்தது. நம்பி, முழுத் தொகையும் கட்டி ஆர்டர் செய்தேன்.

3. விலை கூடிய பொருள் என்பதால், என் குரலில் உறுதி பெற்ற பிறகே அனுப்புவார்களாம். போன் அடித்தது. அடித்தது என்பதே என் மனைவி ஜமீலா பீவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் எடுத்துப் பேசியதும், வாடிக்கையாளரைத் தவிர எவரும் பேசக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். நிலைமையை விளக்கி அவர்களுடைய செயலியில் எழுதினேன். “தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். விரைவான உதவிக்கு எங்களைத் தொலைபேசியில் அழைக்கவும்” என்று பதில் வந்தது. காது கேளாது என்று மறுபடி எழுதினேன். மறுபடி வருந்தினார்கள். இப்படிச் சலிக்காமல் வருந்தும் நிறுவனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

4. அடுத்த அழைப்புக்கு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஸ்பீக்கரில் வரும் கேள்வியை ஜமீலா கேட்பார். என் கையைத் தட்டுவார். நான் “ஆமாம்” என்பேன். பெயர், முகவரி இரண்டும் நல்லபடியாகவே முடிந்தன. பிறகு, போனில் பேசிய நிறுவனத்துப் பெண், “சார், பக்கத்துல யாரோ சொல்லித் தர்ற மாதிரி இருக்கு. ஆர்டரை கேன்சல் பண்ணிடலாமா?” என்று கேட்டிருக்கிறார். என்னை நிறுத்துவதற்காக ஜமீலா என் கையைப் பிடித்தார். நான் அதையும் தட்டியதாக எடுத்துக்கொண்டு, மில்லில் பேசும் குரலில் “ஆமாம்” என்றேன்.

5. மீண்டும் ஆர்டர் செய்தபோது, ரத்து செய்த பொருளையே திரும்பக் கேட்பது சந்தேகத்துக்குரியது என்று என் கணக்கை முடக்கினார்கள். நிக்காஹ் நாளும் வந்தது. வாசகத்தை எழுதித் தருகிறேன், பார்த்து வாசியுங்கள் என்றார் ஆலிம்சா. ஆனால் என் குரல் எவ்வளவு உயர்கிறது என்பது எனக்கே தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கத்திவிடுவேனோ என்று பயந்து, பொறுப்பை என் தம்பி அகமது மீரானிடம் ஒப்படைத்தேன். அவன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தியதும் நானும் ஏந்தினேன்.

6. கல்யாணத்துக்குப் பிறகு பாளையங்கோட்டைக் கடையில் மிஷின் கிடைத்தது. இதற்கிடையே நொடிக்கடைக்கு நான் எழுதிய புகாருக்கு, வாடிக்கையாளரே ரத்து செய்தார் என்று பதில் எழுதி, ஆதாரமாக அழைப்பின் ஒலிப்பதிவையும் நிறுவனமே அனுப்பியிருந்தது. போட்டுக் கேட்டேன். தெளிவான பதிவு, அதற்கு நன்றி. என் “ஆமாம்” முடிந்ததும் ஜமீலாவின் குரல் வருகிறது: “ஐயோ, இல்லம்மா! அவுகளுக்குக் காது கேக்காதும்மா. கேக்கத்தான இந்த மிஷினையே வாங்குதோம். நான் சொல்லுதேன், கேளும்மா!” அதற்குப் பதில்: “நீங்க பேசக்கூடாது மேடம். சார் ஓகே சொல்லிட்டாரு. வேற ஏதாவது உதவி வேணுமா?”

ஆகவே, என் நிலை தெரியாமல் நடந்துவிட்டது என்று நிறுவனம் இனிச் சொல்ல வழியில்லை. காது கேளாதோரிடம் எழுத்து மூலம் உறுதி பெறும் முறையை மேற்படி நிறுவனம் உடனே ஏற்படுத்த ஆணையிட வேண்டுகிறேன். கட்டிய தொகை திரும்ப வந்துவிட்டது. எனக்கென்று தனியாக மன்னிப்பும் தேவையில்லை. அவர்கள் அனுப்பிய வருத்தங்களே ஏராளமாகக் கைவசம் உள்ளன.

ஆனால், தான் கையைப் பிடித்ததால்தான் எல்லாம் கெட்டது என்று என் மனைவி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாண ஆல்பத்தை இதுவரை பிரித்துப் பார்க்கவில்லை. தவறு ஜமீலா பீவியுடையது அல்ல என்று, அந்நிறுவனத்தின் பொறுப்பான ஒருவர், பேனாவால் கையெழுத்திட்டு, என் மனைவி பெயருக்கே ஒரு கடிதம் அனுப்புமாறு தாங்கள் உத்தரவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பத்தமடை
நாள்: 14.07.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மு. தாஜ் முகம்மது

இணைப்பு: நிறுவனம் அனுப்பிய ஒலிப்பதிவு, காது மருத்துவர் சான்று.