வெந்த மீன்

கலாசின், தாய்லாந்து.

ஆயுளும் அதிர்ஷ்டமும் பெருக வேண்டிய மகன் கம்போனுக்கு, சித்தப்பா தோங்டாம் எழுதுவது. தைவானில் குளிர் அதிகமோ? இங்கே உன் அம்மா சுகம். நான் எருமைக்கடா மாதிரி இருக்கிறேன்.

அப்பாவின் தகனத்துக்கு முதலாளி விடவில்லையே என்று குமையாதே. ஊர்வலத்தின் தலை விகாரையில், வால் ஆற்றங்கரையில். ஆளுநரே புறப்பட்டாராம், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாராம்.

சாவு விருந்துக்குப் பச்சை மீன் கொத்திப் பிசைய என்னை விட்டால் யார்? புளிப்புக்கு எலுமிச்சையும் செவ்வெறும்பும் சேர்த்து நான் பிசைந்தால் மீன் நெருப்பில்லாமலே வேகும் என்பது நாலு மாகாணம் அறிந்தது. செதில் சீவிக்கொண்டிருந்தபோது பெரிய பிக்கு வந்து நின்றார். "உங்க அண்ணன் ஈரலைத் தின்ன புழு இந்த மீன்லதானே இருந்துச்சு? அதையே அவன் பெட்டி பக்கத்துல பரிமாறுவியா? பச்சையா வச்சா நான் ஓத மாட்டேன்" என்றார்.

விடுவேனா? "சாமி, சர்க்கார்தான் வருஷா வருஷம் புழு மாத்திரை குடுக்குதே! போட்டா புழு சாவுது, மறுபடியும் திங்கிறோம். அதுக்குத்தானே மாத்திரை?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும், "அவரும் இதையேதான் சொன்னாரு தம்பி. மாத்திரையை முழுங்கிட்டு நேரா உங்க தட்டுக்குத்தான் வந்தாரு" என்றாள்.

என் வாயை அடைக்க ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பேன் அல்லவா? உன் அம்மா எப்போதோ பிறந்துவிட்டாள். மீனை அப்படியே கொதிக்கும் பானையில் கவிழ்த்தேன். "ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருக்குடா" என்று கிழட்டு சொம்போட் முனகினான். ஆனாலும் இரண்டு தட்டு தின்றான்.

சுகாதாரத் தொண்டர் மாலி போன வாரம் வந்தாள். "மாமா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே, டவுன் ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுங்க" என்றாள். பிக்குவின் காவியையே பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டது என்றேன். எதற்கும் கெக்கலிக்கிற பெண், அதற்குச் சிரிக்கவில்லை.

புத்தாண்டுக்கு வரும்போது சித்தப்பா கைப் பச்சை மீன் வேண்டும் என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து நீ கேட்டு நான் இல்லை என்றதில்லை. இது இல்லை, மகனே. அங்கே கூட்டாளிகளோடு பிசைந்து தின்கிறாயாமே, அதையும் விடு. கொதித்த மீன்தான் உண்டு. திட்டு. திட்டிக்கொண்டே தின்னு.

முடிந்தால் புத்தாண்டுக்கு முன்பே வா. நானே ஆக்கிப் போடுகிறேன். தாமதமானாலும் குறையில்லை, உன் அம்மாவுக்குப் பக்குவம் சொல்லிவைத்திருக்கிறேன்.

புத்தர் காக்க, ஈரல் கெடாமல் நூறு வயது இரு.

சித்தப்பா
தோங்டாம்