எண்ணெய்ச் சட்டியில் பிடித்த தீ

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பதறாமல் படி. ஞாயிற்றுக்கிழமை அறையில் உருளைக்கிழங்கு பொரிக்கும்போது எண்ணெய்ச் சட்டி குப்பென்று பற்றிக்கொண்டது. என்னுடன் தங்கியிருக்கும் பெண், எங்கள் தையல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள், வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டாள்.

"ஊத்தாதடி! தண்ணி பட்டா தீ இன்னும் பரவும்!" என்று கத்திக்கொண்டே கேஸை அணைத்து, பெரிய தட்டால் சட்டியை மூடினேன். தீ அடங்கிவிட்டது. கம்பெனியில் இதற்குப் பயிற்சி கொடுத்தபோது கொட்டாவி விட்டவள் நான். கடைசியில் அதுதான் கைகொடுத்தது.

எனக்குப் புருவத்தில் நாலு முடி கருகியதோடு சரி. எல்லாம் முடிந்த பிறகு சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அழுதுடுங்கக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். இருவரும் அழுதோம், பிறகு விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்பாவுக்கும் தம்பிக்கும் இதைச் சொல்லிக்கொடு. இருவருக்கும் சிலிண்டரை மூடக்கூடத் தெரியாது. உன் எதிரிலேயே செய்து காட்டச் சொல்.

அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் திரை அந்தத் தீயில் கருகிவிட்டது. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

கம்பெனி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்