வெற்றிலைக்கொடி போட்ட கத்தி

சிம்மக்கல், மதுரை
12 ஜூன் 1936

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயக்கொடி அவர்களுக்குத் தவசி எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். சோழவந்தானில் நீங்களும் என் தங்கை சின்னத்தாயும் நலமா என்று எழுதவும்.

உங்கள் கடிதத்தின் அடியில் சின்னத்தாய் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதும் நாலு வரி எப்போதும் இருக்கும். போன இரண்டு கடிதத்திலும் அது இல்லை. அண்ணன் மேல் என்ன கோபம் என்று கேட்டு எழுதுங்கள்.

கடையில் வேலை நெருக்குகிறது. சீமை மடக்குக் கத்தி வைத்திருப்பவர்கள் எல்லாம் எலும்புப் பிடியைக் கழற்றிவிட்டுக் கருங்காலிப் பிடி போடச் சொல்கிறார்கள். முதுகில் அரத்தால் வேலைப்பாடும் வேண்டுமாம். மாட்டுத் தரகர் ஒருவருக்குச் சாட்டைப் பின்னல், வக்கீல் குமாஸ்தாவுக்குப் பாம்புச் செதில். ஒருவருக்குப் போட்டதை நான் இன்னொருவருக்குப் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்று உங்கள் பக்கத்து ஏட்டு ஒருவர் கடைக்கு வந்தார். துணியைப் பிரித்து ஒரு கத்தியைக் காட்டி, "இது ஒங் கைவேலைதானப்பா?" என்றார். நல்லகாமனுடைய கொடிக்காலில் கிடந்ததாம். அவருடைய வெற்றிலைக் கொடிகளில் பாதிக்கு மேல் யாரோ அடியோடு அறுத்துப் போட்டுவிட்டார்களாம். கத்தியின் முதுகில் வெற்றிலைக்கொடி ஓடியிருந்தது. "இந்த மாதிரி எம்புட்டோ பண்ணியிருக்கேன்யா. யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

நல்லகாமன் உங்களுக்குப் பக்கத்துக் கொடிக்கால்காரர்தானே? கல்யாணத்தில் நான் உங்களுக்குச் செய்து கொடுத்த கத்தி பத்திரமாக இருக்கிறதா? பிடியில் ஆணி தளர்ந்திருக்கும். யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் சரிசெய்து தருகிறேன்.

தவசி


சோழவந்தான்
17 ஜூன் 1936

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு ஜெயக்கொடி வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சின்னத்தாய்க்குக் கொஞ்ச நாளாகக் காய்ச்சல். பேச்சும் குறைந்திருக்கிறது. வரி இல்லாததற்குக் காரணம் அதுதான், கோபம் ஒன்றுமில்லை. வைத்தியர் மருந்து கொடுக்கிறார். வேலையை விட்டுவிட்டு நீங்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஆடியில் நானே அழைத்து வருகிறேன்.

நல்லகாமனுக்கு ஊரில் ஆகாதவர்கள் பலர். யார் அறுத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கொடுத்த கத்தி பெட்டியில்தான் இருக்கிறது. எங்கள் கொடிக்காலில் வேலை செய்யும் பேயாண்டி மதுரைக்கு வெற்றிலை கொண்டுவரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

ஏட்டு மறுபடியும் வந்தால் என்ன சொல்வதாக இருக்கிறீர்கள்? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

ஜெயக்கொடி


சிம்மக்கல்
3 ஜூலை 1936

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பேயாண்டி வந்தான். வெற்றிலையும் கத்தியும் கொடுத்தான். வெற்றிலை உங்களுடையது. கத்தி என்னுடையது அல்ல.

நான் இடக்கைக்காரன். என் அரம் விழுந்த வெட்டு ஒரு பக்கம்தான் சாயும். இதில் எல்லா வெட்டும் மறுபக்கம் சாய்கின்றன. இலைக்கு நரம்பு போடவும் செய்தவனுக்குத் தெரியவில்லை. பிடி கருங்காலி இல்லை, வேம்பில் கறுப்பு ஏற்றியது. எண்ணெய்த் துணியால் துடைத்தேன், சாயம் துணிக்கு வந்துவிட்டது. யாரிடம் செய்து வாங்கினீர்கள்? எதற்காக?

பேயாண்டியை உட்காரவைத்து என் தங்கையைப் பற்றிக் கேட்டேன். "சின்னத்தாயி வெளிய தல காட்டி ரொம்ப நாளாச்சுண்ணே. வீடு சாத்தியேதான் கெடக்கு. கேட்டா மேலுக்குச் சரியில்லங்கிறாப்ல" என்றான். அதற்கு மேல் கேட்டதற்கு, நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டான். தெரிந்த எதையோ விழுங்குகிறான் என்று பட்டது.

வரச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அவளைப் பேசவும் விடவில்லை. நடுவில் ஒரு கள்ளக் கத்தி வருகிறது. அடுத்தவன் பயிரை அறுக்கத் துணிந்த கை, சாத்திய கதவுக்குள் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று ஏட்டு வந்தார். கொடிக்காலில் கிடந்த கத்தி என் மாப்பிள்ளைக்காக நான் செய்தது என்று சொல்லிவிட்டேன். வருகிற வாரம் வந்து தங்கையை அழைத்துப் போவேன். தடுக்க வேண்டாம்.

தவசி


சோழவந்தான்
6 ஜூலை 1936

மச்சான் அவர்களுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. பேயாண்டி கையில் கொடுக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு முன்பே ஏட்டு வந்துவிட்டார். நான்தான் அறுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்றதால் நாளைக் காலை வரை வீட்டில் இருக்க விட்டிருக்கிறார்கள்.

நான் அறுக்கவில்லை.

சித்திரையில் கூட்டுக் கிணற்றில் எங்கள் முறை வந்தபோது நல்லகாமன் எங்களைக் கமலை பூட்டித் தண்ணீர் இறைக்க விடவில்லை. நான் பஞ்சாயத்தாரைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். கொடி வாடுகிறதே என்று சின்னத்தாய் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். அப்போது அவளுக்கு நாலாம் மாதம். நேரில் வந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தாள். கொடி பிழைத்துக்கொண்டது. பிள்ளை தங்கவில்லை.

யாருக்கும் எழுத வேண்டாம் என்றாள். நான் எழுதவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து முதல்முதலாகக் கொடிக்காலுக்குப் போன அன்று நல்லகாமன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கொடஞ் செமக்கத் தெரியுது, புள்ள செமக்கத் தெரியலயாக்கும்" என்று கேட்டிருக்கிறார். அதையும் என்னிடம் அவள் அப்போது சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது கை கழுவிக்கொண்டிருந்தாள். "அறுத்துட்டு வந்துட்டேன். கத்திய அங்கனயே விட்டுட்டேன் போலருக்கு" என்றாள். அழவில்லை. அந்தக் கத்தி எனக்குச் செய்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அண்ணன் செய்தது என்று கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

திண்டுக்கல்லில் ஒரு கொல்லரிடம் நினைவிலிருந்து வரைந்து காட்டி வேறொன்று செய்யச் சொன்னேன். ஏட்டு கேட்டால் காட்ட வீட்டில் ஒரு கத்தி இருக்க வேண்டும் என்றுதான். நீங்கள் கத்தியைக் கேட்டபோது அதைத்தான் அனுப்ப முடிந்தது. உங்கள் கண் ஏமாறாது என்று தெரியும். தெரிந்துகொண்டும் பேசாமல் இருப்பீர்கள் என்று நினைத்தேன்.

நான் அவளை அடித்துப் பூட்டி வைத்திருப்பதாக நீங்கள் எழுதியதை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. ஏட்டிடம் சொன்னது யார் என்றும் அவளுக்குத் தெரியாது. "யாரு காட்டிக் குடுத்திருப்பா? எங்கண்ணன் வாயத் தெறந்திருக்காது" என்று நேற்றுகூடச் சொன்னாள். அது அப்படியே இருக்கட்டும்.

இப்போது, தானே போய் உண்மையைச் சொல்லப் போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். நான் இருக்கும்வரை தடுத்துவிடுவேன். நாளைக்குப் பிறகு நீங்கள்தான் தடுக்க வேண்டும். இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வந்து அவளை மதுரைக்கு அழைத்துப் போங்கள். கீரையும் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், உடம்பில் ரத்தமே இல்லை. கொடிக்காலைப் பேயாண்டி பார்த்துக்கொள்வான்.

ஜெயிலில் என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்பாள். அழைத்து வாருங்கள். அவளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, நீங்கள் வெளியே நின்றுகொள்ளுங்கள்.

ஜெயக்கொடி