கை நனையாத ஞாயிறு

ஆவணி 4, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். வானம் கறுத்துக் காட்டிவிட்டு மழை அரூர்ப் பக்கம் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் பாக்கி. கரண்ட் பில். சவர பிளேடு.

மாலதி டீச்சர் வீட்டில் பெண் கேட்டுப் பேசும் பொறுப்பை என் நண்பன் பழனிவேல் எடுத்துக்கொண்டான். நான் கொடுக்கவில்லை. மாலதி பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்துகிறவர். இரண்டு வருடமாக நான் அவரிடம் பேசியதெல்லாம் சாக்பீஸ் குறித்து. போன வாரம் அவரைப் பிடித்திருப்பதாக வாய் தவறி ப.விடம் சொன்னேன். (இனி ப. மட்டும். முழுப்பெயர் எழுதுமளவு பாசம் மிச்சமில்லை.) சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன். என்னையும் அதே முறையில் விற்கத் தீர்மானித்திருக்கிறான்.

"நீ வாயத் தொறக்காத. மத்தத நான் பாத்துக்கறேன்."

பெங்களூரு அண்ணனுக்கு லீவு இல்லையாம். "அதான் பழனிவேலு இருக்கான்ல, அப்பறம் என்ன பயம்?" அந்தப் பயம்தான்.

ஆவணி 7, ஞாயிறு

கம்பைநல்லூர், மாலதி வீடு. வெள்ளைச் சட்டை போடச் சொன்னவன் ப. வியர்வையில் நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று யோசிக்கவில்லை.

என்னைப் பற்றி ப. சொன்னவை: காபி, டீ தொடமாட்டேன் (கையில் காபி டம்ளர்). கோபமே வராது (வந்துகொண்டிருந்தது). விடிகாலையில் யோகா. இந்த உத்தமனை நானும் முதல் முறையாகக் கேள்விப்பட்டேன்.

மாலதியின் அப்பா: "வாத்தியாரு பேசவே மாட்டாருங்களா?"

"கிளாஸ்ல பேசிப் பேசித் தொண்ட போச்சுங்க" என்றான் ப.

கதவோரம் மாலதி சிரிப்பை அடக்கினார். எங்களில் யாரைப் பார்த்து என்பது தெரியவில்லை.

மாலதியின் அம்மா இலை போட்டார். கத்திரிக்காய்க் குழம்பு வாசனை. நான் பாதி உட்கார்ந்துவிட்டேன். ப. தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"இன்னொரு நாளைக்கு ஆவட்டும்ங்க."

பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். சோற்றில் கை நனைத்தால் சம்மதம். போட்ட இலையை விட்டு எழுந்தால், பெண் பிடிக்கவில்லை என்று வேறு சொல்லத் தேவையில்லை. அம்மாவின் முகம் மாறியது. மாலதி உள்ளே போய்விட்டார்.

பைக்கில் ப.: "மொத நாளே உக்காந்து தின்னா, சோத்துக்கு வந்தவன்னு நெனப்பாங்கடா. கெத்தா எந்திரிச்சோம் பாத்தியா?"

ப. ஓடிப்போய்த் தாலி கட்டியவன். பெண் பார்க்க ஒரு வீட்டுப் படி ஏறியது இன்றுதான் முதல் முறை. எனக்கு முறை தெரியும். வாய்தான் இல்லை.

ஆவணி 9, செவ்வாய்

சாக்பீஸ் கேட்டு மாலதி வரவில்லை. சொந்தமாக ஒரு பெட்டி வாங்கிவிட்டார்.

ப. போனில்: "பதிலு வரலன்னா யோசிக்கறாங்கன்னு அர்த்தம்."

ஆவணி 11, வியாழன்

காலையில் தூறல். குடை பள்ளியில். நான் வீட்டில்.

ஆசிரியர் அறையில் தமிழ் டீச்சர், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு: "கை நனைக்காமயே போயிட்டாங்களாம். ஞாயித்துக்கெழம பென்னாகரத்துல இருந்து வேற எடம் வருதாம்."

ப.விடம் சொன்னேன். "போனாப் போவுது, உடு. ஏரியூர்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

கொலைக் குற்றத்துக்கான பிரிவு எண்ணை மாற்றிவிட்டார்கள். புதியதைப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆவணி 12, வெள்ளி

பள்ளி விட்டதும் பேருந்து நிலையம். ப.வுக்குச் சொல்லவில்லை. முதல் பேருந்தில் மாலதி இருந்தார். ஏறத் தைரியமில்லை. அடுத்ததில் போனேன். வழியெல்லாம் ஒத்திகை: முன்னுரை, காரணங்கள், முடிவுரை.

வாசலில் அவருடைய அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். முன்னுரை மறந்துபோயிற்று.

"சாப்பாடு இருக்குதுங்களா?" என்றேன்.

தட்டுக் கட்டு அவர் கையிலிருந்து விழுந்தது. "என்னங்க கேட்டீங்க?"

"சோறுங்க. எனக்கு."

குனிந்து கட்டை எடுத்து மாட்டின் முன் போட்டார். பிறகு உள்பக்கம் குரல் கொடுத்தார்: "மாலதி, வாத்தியாரு சாப்புட வந்திருக்காரு."

மாலதி வந்தார். "மத்தியானக் களிதான் இருக்குது. ஆறிப்போச்சு."

"பரவால்லைங்க."

"அன்னிக்கு ஏன் எந்திரிச்சீங்க?"

"எழுப்பி உட்டுட்டாங்க."

"நாளைக்கும் யாராவது எழுப்பி உட்டா?"

யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தேன்.

ராகிக் களி, கீரைக் கடைசல். களி கல்லாக இருந்தது. இன்னொரு உருண்டை கேட்டேன். மாலதி வைத்தார். அன்றைக்கு அடக்கிய சிரிப்பு அப்போது வந்தது.

வாசலில் அவருடைய அப்பா பென்னாகரத்துக்காரர்களுக்குப் போன் போட்டார்: "ஞாயித்துக்கெழம வர வேணாம்ங்க. இங்க ஒருத்தரு சாப்புட்டுட்டு இருக்காரு."

ஆவணி 14, ஞாயிறு

வெயில். ப. லட்டுப் பெட்டியோடு வந்தான். வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்ததில் பெட்டியில் பாதிதான்.

"அன்னிக்கு உன்னச் சாப்புட உடாம இழுத்துட்டு வந்தேன் பாரு, அங்கதான்டா மாப்ள மேட்டரே முடிஞ்சுது."

பத்திரிகையில் அவன் பெயர் போட வேண்டுமாம். பெரிய எழுத்தில். சரி என்றேன். பந்தி விசாரிக்கும் பொறுப்பும் தனக்கே என்றான். அதற்கும் சரி என்றேன்.

கல்யாணத்தன்று எல்லோரையும் கவனித்து முடித்து, கடைசிப் பந்தியில் அவன் இலை முன் உட்காருவான். சோறு விழும். குழம்பு விழும். கை வைக்கப் போவான். அப்போது பின்னால் வந்து தோளைப் பிடித்துத் தூக்குவேன்.

இன்னொரு நாளைக்கு ஆவட்டும்ங்க.