புள்ளி மூக்கு வாத்துக்குக் காவல் இருந்தவனுக்கு

மழை விட்ட காலை. பேருந்து அடையாறு பாலத்தில் ஏறியதும் கழிமுகச் சேற்றின் வாடை உள்ளே அடித்தது. பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னலை இன்னும் திறந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுத்துத் திரிந்த காலம். ஒரு மார்கழிக் காலையில், கழிமுகத்தை ஒட்டிய கோரைப்புல்லுக்குள் நீதான் அந்தப் புள்ளி மூக்கு வாத்தைக் கண்டாய். கறுத்த அலகின் நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். தன் மார்பிலிருந்து பிடுங்கிய தூவியைப் பரப்பி எட்டு முட்டைகளை அடைகாத்தது.

"வெளிநாட்டு வாத்து இல்ல மச்சி. வருசம் பூரா இங்கியே கீது. நம்ம ஊர்க்காரி," என்றாய்.

மறுநாள் கட்டட இடிபாடுகளோடு லாரி வந்தது. நீ அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். நான் பத்தடி தள்ளி, யாரோ மாதிரி நின்றேன்.

"யோவ், ஒரு வாத்துக்கோசரம் லாரிய நிறுத்துவியா?" டிரைவர் கத்தினார்.

"எறங்கி வந்து பாரு. பாத்துட்டு அப்பால கொட்டு."

அவர் இறங்கிப் புல்லை விலக்கியதும், வாத்து ஒரு சிறகைத் தொங்கவிட்டு, ஒடிந்ததைப் போல இழுத்துக்கொண்டு அவர் காலடியில் ஓடியது. பதறிவிட்டார். "ஐயோ, அடிபட்டுச்சா?"

"ஒண்ணும் ஆவல நைனா. உன்னிய முட்டைகிட்டேர்ந்து இஸ்துகினு போவுது."

அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மறுகோடியில் கொட்டிவிட்டுப் போனார். மற்ற லாரிக்காரர்கள் அப்படியில்லை. பன்னிரண்டு காலைகள் நீ அங்கே உட்கார்ந்தாய். இரண்டாம் நாளிலிருந்து நானும், வேலை நேரம் வரும்வரை. தாமதத்துக்கு அலுவலகம் உனக்கு மெமோ கொடுத்தது. காரணம் என்ற இடத்தில் 'அடைகாப்பு' என்று எழுதினாய். மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். தரவில்லை. பதவி உயர்வு கிடைக்காமலே போனது.

பதின்மூன்றாம் காலை எட்டும் பொரிந்திருந்தன. ஈரம் காய்ந்த குஞ்சுகள் அன்றே தாயின் பின்னால் நடந்து நீரில் இறங்கின. நீ வாய்விட்டு அழுதாய்.

அடுத்த வாரம் இடிபாடு அந்தப் புல்லை மூடியது. "தோத்துட்டோமே," என்றேன்.

"இன்னா தோத்தோம்? எட்டு பேரு தண்ணில கீறாங்க!" என்று சீறினாய்.

போன வாரம் கழிமுகத்தில் மறுபடியும் கொட்ட வந்தார்கள். முழங்கால் மடங்க மறுத்தது; ஆனாலும் லாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "யாரு தடுக்கிறது, பேர எழுதிக் குடு," என்று ஒருவன் தாளை நீட்டினான். முதலில் உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என்னுடையதை.